துட்டு: ஒரு செப்புக் காசின் சொல்வரலாறு

சென்னைத் தமிழில் பணத்தைக் குறிக்க வழங்கும் சொற்களுள் மிகுந்த புழக்கமும் குறைந்த மதிப்பும் ஒருங்கே பெற்ற சொல் 'துட்டு'. மயிலாப்பூர் மாடவீதிகளின் நடுத்தர வகுப்பு வீடுகளில் 'பணம்' என்றும் கடைவாசலில் 'காசு' என்றும் பெயர்பெறும் அதே பொருள், கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்திலும், அடையாறு முகத்துவாரத்தை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்திலும், ஆட்டோ நிறுத்தங்களிலும், மீன் விற்கும் இடங்களிலும் 'துட்டு' ஆகிவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பழகியவர்கள் துட்டு என்பதைக் கொச்சைச் சொல்லாகவோ, 'மெட்ராஸ் பாஷை' என்று ஒதுக்கப்பட்ட பேச்சின் கண்டுபிடிப்பாகவோ எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது நானூறு ஆண்டுக் கடல் வணிகத்தின் எச்சம்; ஒல்லாந்து நாட்டின் மிகச் சிறிய செப்பு நாணயமான 'டுயிட்' என்பதன் பெயர், கிழக்கிந்தியக் கடல்களின் துறைமுகங்கள்தோறும் இறங்கி, ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு பொருள் ஏற்று வாழ்ந்த வரலாற்றில் தமிழுக்கு உரிய பகுதி. ஒரே காசின் பெயர் ஓரிடத்தில் செல்வத்தையும் மற்றோரிடத்தில் செல்லாமையையும் குறிக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வியே இச்சொல்லை ஆராயத் தக்கதாக்குகிறது.

டுயிட் என்பது டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தரின் பழைய நாணய முறையில் கீழ்ப்படியில் இருந்த காசு. எட்டு டுயிட் சேர்ந்தது ஒரு 'ஸ்டைவர்'. இருபது ஸ்டைவர் சேர்ந்தது ஒரு 'கில்டர்'. ஆகவே ஒரு கில்டருக்கு 160 டுயிட். ரொட்டிக்கடைச் சில்லறையும் கோயில் காணிக்கையும் பிச்சையும் இந்தக் காசில்தான் புழங்கின. இச்சொல் இடைக்கால ஒல்லாந்த மொழியிலேயே வழங்கியது. மொழியியலாளர் இதனைப் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'வெட்டி எடுத்த துண்டு' என்ற பொருள் தரும் சொல்லோடு உறவுபடுத்துவர். இங்கிலாந்தின் வட பகுதி ஊர்ப்பெயர்களில் காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும் 'த்வெய்ட்' என்ற ஈறும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே. ஜெர்மானியரைக் குறிக்க ஒல்லாந்தர் வழங்கும் 'டுயிட்ஸ்' என்ற சொல்லுக்கும் இந்தக் காசுக்கும் தொடர்பில்லை. அது 'மக்களுக்குரிய' என்ற பொருள்கொண்ட வேறொரு பழஞ்சொல்லின் வழிவந்தது. எழுத்தொற்றுமை கண்டு இரண்டையும் இணைப்பது எளிதில் நேரும் பிழை.

ஒல்லாந்திலேயே இச்சொல்லின் பொருள் இரு திசையில் விரிந்தது. பன்மையில் 'டுயிட்டன்' என்று சொன்னால் பேச்சுவழக்கில் அது பொதுவாகப் பணத்தையே குறிக்கும். பணத்தாசை பிடித்தவனுக்கு 'டுயிட் திருடன்' என்று பொருள்படும் பெயர் உண்டு. கையில் ஒன்றும் இல்லாதவன் தன்னிடம் 'சிவந்த டுயிட்' கூட இல்லை என்பான். சிவப்பு என்பது செம்பின் நிறம். மாதா கோயிலில் காணிக்கை திரட்டும் சிறு பைக்குள் ஒரு டுயிட் போடுவது என்ற தொடர், பலர் பேசும் இடத்தில் தன் கருத்தையும் ஒன்று சொல்லிவைப்பது என்ற பொருளில் இன்றும் செய்தித்தாள்களில் வழங்குகிறது. 1816இல் ஒல்லாந்து பதின்ம முறைக்கு மாறி, கில்டருக்கு நூறு 'சென்ட்' என வகுத்தபோது டுயிட் தன் இடத்தை இழந்தது. அந்தக் கில்டரும் 2002இல் யூரோவுக்கு வழிவிட்டது. எனவே சொந்த நாட்டில் டுயிட் இன்று பெரும்பாலும் மரபுத்தொடர்களுக்குள் வாழும் சொல். அது நாள்தோறும் கடைவாசலில் உயிரோடு ஒலிப்பது கடல்கடந்த நாடுகளில்தான்.

அந்தக் கடல்கடந்த பயணத்துக்குக் காரணம் 1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டில் அது 1610ஐ ஒட்டிப் பண்டகசாலை அமைத்து, 1613இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் பழவேற்காடே 1690 வரை தலைமையிடம். பிறகு, 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய நாகப்பட்டினத்துக்குத் தலைமை மாற்றப்பட்டது. அதே 1658இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும், அதற்கு ஈராண்டு முன்னரே கொழும்பும், 1663இல் கொச்சியும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. சென்னைக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் அவர்களது கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றுத் தொடங்கிய சென்னைப்பட்டினம், இவ்வாறு வடக்கிலும் தெற்கிலும் ஒல்லாந்தத் துறைகளுக்கு இடையே வளர்ந்த ஊர் என்பதைச் சென்னை வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமை 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, கோல்கொண்டா சுல்தானின் படையோடு சேர்ந்து அதை முற்றுகையிட்டு 1674இல் பணியவைத்தவர்களும் ஒல்லாந்தரே. படை இறங்கிய இடத்தில் அரிசிக்காரரும் மீன்காரரும் படகோட்டிகளும் அந்தப் படையின் சில்லறையைக் கையாளாமல் இருந்திருக்க முடியாது.

ஒல்லாந்தர் இக்கரையில் ஐரோப்பியக் காசுகளை மட்டுமே நம்பியிருக்கவில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தங்கள் நாணயச்சாலைகளில் உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ற செப்புக் காசுகளை அடித்தனர். நாகப்பட்டினத்துக் காசுகளில் ஊரின் பெயர் தமிழ் எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. 1726 முதல் ஒல்லாந்தின் மாகாணங்களிலேயே கம்பெனிக்கெனத் தனியாக டுயிட்டுகள் அடிக்கப்பட்டுக் கிழக்கே அனுப்பப்பட்டன. பழைய நாணயம் சேர்ப்போரிடம் இன்று எளிதில் காணக்கிடைப்பது இவ்வகைதான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே அகன்ற, ஏறத்தாழ மூன்று கிராம் எடையுள்ள செப்பு வட்டம். ஒரு பக்கம் அடித்த மாகாணத்தின் சின்னம். சேலாந்து மாகாணத்துக் காசானால் அலைகளிலிருந்து எழும் சிங்கம் தெரியும். மறுபக்கம் கம்பெனியின் பெயர்க்குறி: பெரிய 'வி' எழுத்தின் இடக்கையில் 'ஓ', வலக்கையில் 'சி' கோத்திருக்கும், அதன்கீழ் ஆண்டு. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் ஆங்கில முதலெழுத்துகளும் இந்த மூன்றே. அயல் கம்பெனிக்கு எதிராக 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய தூத்துக்குடியில்தான் ஒருகாலத்தில் இந்தக் குறி பொறித்த காசுகள் புழங்கின என்பது வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று.

ஒல்லாந்தர் கொண்டுவந்த காசு என்பதால் மட்டும் துட்டு ஒல்லாந்தச் சொல் ஆகிவிடாது. அதை மொழிவழியாகவும் நிறுவ வேண்டும். தமிழ் லெக்சிகன் உள்ளிட்ட அகராதிகள் டச்சு மூலத்தையே காட்டுகின்றன. ஆயினும் இரண்டு மறுப்புகள் எழ இடமுண்டு. ஒன்று, துட்டு என்பது 'துண்டு' என்ற தமிழ்ச்சொல்லின் வலித்த வடிவம் என்பது. குரங்கு என்பது குரக்குக்கால் என்றும், மருந்து என்பது மருத்துப்பை என்றும் மெல்லினம் வல்லினமாவது தமிழ் இலக்கணம் அறிந்ததே. ஆனால் அந்தத் திரிபு வேற்றுமைத் தொடரில், பிறசொல்லோடு புணரும்போது நேர்வது. துட்டு தனித்து நிற்கும் சொல். மேலும் சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் காசு, கழஞ்சு, மாடை, அக்கம், பணம் என்று நாணயப் பெயர்களை ஏராளமாகத் தந்தும் அவ்வரிசையில் துட்டு இடம்பெறவில்லை. துண்டு என்ற சொல்லின் பொருளும் டுயிட் என்பதன் வேர்ப்பொருளும் ஒன்றாக அமைந்தது கவர்ச்சியான ஒற்றுமை, கவர்ச்சி சான்றாகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கன்னடத்தில் பணத்துக்குரிய அன்றாடச் சொல், முதலெழுத்தும் நடுவெழுத்தும் மென்மையாக ஒலிக்கும் 'துட்டு'. தெலுங்கிலும் அவ்வடிவம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சி செய்யாத மைசூர் உள்நாட்டில் அவர்கள் சொல் எப்படி வேரூன்றும் என்று கேட்கலாம். ஆங்கிலக் கம்பெனிக் காலத்துச் சென்னை நாணயங்களுள் பத்துக் காசு பெறுமதியுள்ள செப்புக் காசு நாணயவியல் பட்டியல்களில் 'துடு' என்றே பெயர்பெறுவதும் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. அதற்கு விடை, செப்புக் காசுகள் அரசியல் எல்லைகளை மதித்துப் புழங்கவில்லை என்பதே. கன்னடக் கடற்கரையில் பஸ்ரூரில் ஒல்லாந்தருக்குப் பண்டகசாலை இருந்தது. கரையிலிருந்து உள்நாட்டுக்கு மிளகு, அரிசி, துணி வணிகத்தின் வழியே சில்லறை ஏறிச்சென்றது. ஒரு காசின் பெயர் பரவ, அதை அடித்தவன் ஆட்சி பரவ வேண்டியதில்லை. நாணயம் மாற்றும் சராபுக் கடைக்காரன் அதை எண்ணி வாங்கினால் போதும்.

ஒல்லாந்த மூலத்துக்குச் சார்பான வலிய சான்று மற்றொரு கடன்சொல்லில் இருக்கிறது. தமிழில் கழிப்பறையைக் குறிக்கும் 'கக்கூசு' என்ற சொல் ஒல்லாந்தரின் 'கக்ஹுயிஸ்' என்பதிலிருந்து வந்தது. 'கக்' மலம், 'ஹுயிஸ்' வீடு. இங்கு ஹுயிஸ் என்பதன் உயிரொலியும் டுயிட் என்பதன் உயிரொலியும் ஒன்றே. இன்றைய ஒல்லாந்தில் அது தமிழெழுத்தில் அடங்காத ஓர் இணையுயிர். ஆனால் சேலாந்துக் கரையோரப் பேச்சில் அது இன்றும் உதடு குவித்துச் சொல்லும் ஒற்றை உயிராகவே நிற்கிறது. அந்த மாகாணத்தின் மிடல்பர்க் நகரத்தில் இருந்த கிளை, கம்பெனியின் ஆறு கிளைகளுள் இரண்டாவது பெரியது. கப்பலேறி வந்தவர்களில் அப்பகுதியினர் மிகுதி. அவர்கள் வாயில் ஒலித்த உயிரைத் தமிழ்க்காது உகரமாகவே கேட்டிருக்கும். ஹுயிஸ் 'கூசு' ஆனதும் டுயிட் 'துட்டு' ஆனதும் ஒரே ஒலிவிதியின் இரு விளைவுகள். கக்கூசில் நெடிலும் துட்டில் குறிலும் வந்திருப்பினும், குறுகிய உயிரை ஈடுசெய்வதுபோல் வல்லினம் இரட்டித்திருக்கிறது. சொல்லிறுதி டகரம் இரட்டித்து உகரம் ஏற்பது நோட்டு, கோட்டு முதலிய ஐரோப்பியக் கடன்சொற்களில் பரவலாகக் காணும் முறைதான்.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களுள் மற்றவை பெரும்பாலும் ஈழத்தோடு நின்றுவிட்டன. அலுவலகத்துக்குக் 'கந்தோர்' என்பதும், பீன்ஸுக்குப் 'போஞ்சி' என்பதும் யாழ்ப்பாணத்தில் இயல்பான சொற்கள். சென்னையில் விளக்கினால்தான் புரியும். ஒல்லாந்தரையே குறித்த 'உலாந்தா' என்ற பெயரும் பழைய நூல்களுக்குள் ஒதுங்கிவிட்டது. தமிழகம் முழுவதும் பரவி நின்றவை கழிப்பறைக்கும் சில்லறைக்குமான இந்த இரு பெயர்களே. இரண்டும் ஏட்டுவழி வராமல் வேலையாட்களின் வாய்வழி வந்தவை. இரண்டையும் படித்த வகுப்பு பின்னர் நாகரிகமற்றவை என்று விலக்கியது. அவ்விலக்கலுக்குச் சொற்கள் பொறுப்பல்ல, அவற்றைப் பேசியவர்களின் சமூக நிலையே காரணம் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

இந்தச் சொற்பரிமாற்றம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் கணக்கேடுகள் 'பகோடா', 'ஃபனம்', 'காஷ்' என்ற மூன்று அலகுகளில் எழுதப்பட்டன; ஒரு பகோடா 42 ஃபனம், ஒரு ஃபனம் 80 காஷ். பகோடா என்பது வராகனுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். ஃபனம் நம் பணம். காஷ் நம் காசு. கிழக்கத்திய சிறு நாணயத்தைக் குறிக்கும் காஷ் என்ற ஆங்கிலச்சொல் தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசிய வாய்வழிச் சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் காஷ் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழியது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் ஒலிக்கலாயின. நடுவில் சதுரத் துளையுள்ள சீனக் காசுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் இந்தத் தமிழ்க் காசே. ஆக, கோட்டைக்குள் இருந்த துரைமார் தமிழ்ச்சொற்களால் கணக்கெழுதிய காலத்தில், கோட்டைக்கு வெளியே இருந்த தமிழர் ஐரோப்பியக் காசின் பெயரால் சில்லறை எண்ணினர்.

அந்தச் சில்லறையின் மதிப்பு எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் தனித்தனி விலையில் ஏறி இறங்கியதால், ஒரு பணத்துக்கு எத்தனை செப்புக் காசு என்பதை ஊர்தோறும் சராபுகள் தீர்மானித்தனர். மாற்றும்போது பிடித்த கழிவுக்கு 'வட்டம்' என்று பெயர். ஒல்லாந்தில் எட்டு டுயிட்டுக்கு ஒரு ஸ்டைவர் என்றால், கம்பெனியின் கிழக்கத்தியத் தலைநகரான பதாவியாவில் நான்கே டுயிட்டுக்கு ஒரு ஸ்டைவர் என்று மதிப்பை இரட்டிப்பாக்கி வைத்தனர். செம்பைக் கப்பலேற்றிக் கொணர்ந்ததில் கம்பெனி அடைந்த இலாபத்தின் இரகசியம் இதில் இருக்கிறது. அந்த இலாபத்துக்காகவே கோடிக்கணக்கில் வந்து குவிந்த டுயிட், சாவகத் தீவின் சிற்றூர்ச் சந்தைவரை இறங்கியது. 1854இன் நாணயச் சட்டத்துக்குப் பிறகு அங்கும் சென்ட் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் பெயர் போகவில்லை. இந்தோனேசிய மொழியிலும் மலாயிலும் பணத்துக்குப் பேச்சுவழக்கில் இன்றும் 'டுயிட்' என்பதே சொல். ஜகார்த்தாவின் தெருவோரக் கடையும் சென்னையின் தெருவோரக் கடையும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே ஒல்லாந்தக் காசின் பெயரால் பணம் கேட்கின்றன.

மலையாளத்தில் இச்சொல் தன் முதற்பொருளை விட்டு நகரவில்லை. அங்கே 'துட்டு' என்பது உலோகக் காசு. நாணயத்துட்டு, சில்லறைத்துட்டு என்று எழுத்துமொழியிலும் கூசாமல் வழங்குகிறது. ஒல்லாந்தர் கொச்சியை 1795 வரை ஆண்டு, அங்கே நாணயமும் அடித்ததன் நினைவு அதில் தங்கியிருக்கிறது எனலாம். கன்னடத்தில் அது வீட்டிலும் கடையிலும் எல்லா வகுப்பாருக்கும் பொதுவான பணச்சொல். அதில் எந்த இழிவும் இல்லை. சிங்களத்தில்தான் கதை தலைகீழாகிறது. சிங்களத் 'துட்டு' செல்லாச் சில்லறையைக் குறிக்கும் உவமைச்சொல்லாகச் சுருங்கியது. ஒன்றை இரண்டு துட்டுக்கும் மதிக்காமை என்பது அம்மொழியில் அலட்சியத்தின் அளவு. அப்படியானால் சிங்களத்தில் பணத்துக்குச் சொல் என்ன என்று பார்த்தால், அது 'சல்லி'. தமிழின் சல்லிக்காசே அது.

இந்த இடமாற்றம் சொற்பொருளியலில் அரிதாகக் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு. பழைய இலங்கை நாணய முறையில் சல்லியும் துட்டும் அடுத்தடுத்த கீழ்ப்படிக் காசுகள். தமிழ், துட்டைப் பொதுப் பணமாக உயர்த்தி, சல்லியைச் 'சல்லிக்காசு பெறாது' என்று தாழ்த்தியது. சிங்களம், சல்லியைப் பொதுப் பணமாக உயர்த்தி, துட்டை இகழ்ச்சிக்கு ஒதுக்கியது. அயலிலிருந்து வந்த சொல்லை ஒவ்வொரு மொழியும் செல்வமாக்கிக்கொண்டு, தன்னிடம் பழகிப்போன காசை இகழ்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சிங்களத்துக்கு இரண்டுமே அயற்சொற்கள் ஆதலால் அவ்விளக்கம் பாதிதான் பொருந்தும். பொருத்தமான விளக்கம் நாணய வரலாற்றில் கிடைக்கிறது. ஒரு காசு புழக்கத்தில் இருக்கும் கடைசித் தலைமுறையில் அது எதை வாங்கப் பயன்பட்டதோ, அந்த நினைவே சொல்லுக்குள் உறைகிறது. ஒன்றுமே வாங்க இயலாத நிலைக்குத் தேய்ந்த காசு இகழ்ச்சிச் சொல்லாகிறது. அரைவயிற்றுக்காவது வாங்க முடிந்த நிலையிலேயே மறைந்த காசு பணத்தின் பெயராகிறது. இலங்கையில் 1872இல் ரூபாயும் சென்ட்டும் வந்தபோது பழைய காசுகள் எல்லாம் ஒரே வீச்சில் கணக்கைவிட்டுப் போக, வாழ்ந்த பெயர்கள் புதிய சென்ட்டின்மீது ஏறி அமர்ந்தன. தமிழகத்தில் 1835இன் சட்டம் பதினாறு அணா ரூபாயை இந்தியா முழுவதற்கும் பொதுவாக்கிய பின்னரும், காலணாவுக்கும் தம்பிடிக்கும் இடையே துட்டு ஊர்க்கணக்கில் தொடர்ந்து எண்ணப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தபோதுதான் அணாவோடு சேர்ந்து அதன் எண்ணிக்கைப் பொருள் முற்றிலும் அற்றது. அதற்குள் அது பணத்தின் பெயராக உறுதிப்பட்டிருந்தது.

தமிழகத்துக்குள்ளேயே இச்சொல்லுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் துட்டு என்பது பணத்துக்கு இயல்பான வீட்டுச்சொல். பெரியவர் முன்னிலையிலும் அது கூசாது. 'துட்டு குடுத்தாச்சா' என்று தாத்தாவும் கேட்பார், பேரனும் கேட்பான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒல்லாந்தர் முத்துக்குளிப்பையும் துணி வணிகத்தையும் நடத்திய கரை அது என்பதால் இந்தப் பரவல் வியப்புக்குரியதன்று. சென்னையில் அதே சொல் வகுப்பு அடையாளம் ஆகிறது. இரண்டு வாழ்வுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு. அங்குள்ள பெருங்கடைகளை வளர்த்த வணிகர் பலரும், அவற்றில் நாள் முழுதும் நின்று விற்கும் இளைஞர் பலரும் தென்மாவட்டத்தினர். 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் அவர்கள் வாழ்வையே பொருளாகக் கொண்டது. துணி மடித்துவைக்கும் தெற்கத்தி இளைஞன் தன்னுடன் நிற்பவனிடம் 'துட்டு' என்று சொல்வது ஊர்ப்பேச்சு. வாசலில் பூ விற்கும் சென்னைப் பெண் 'துட்டு' என்று சொல்வது, கேட்கும் சிலருக்குத் தெருப்பேச்சு. ஒலியும் பொருளும் ஒன்றாகவே இருக்க, சொல்பவர் யார் என்பதைக் கொண்டே மதிப்பு அளக்கப்படுகிறது. இந்த அளவுகோல் நேர்மையற்றது.

சென்னைப் பேச்சில் துட்டு எவ்வெவ்விடங்களில் வரும், எவ்விடங்களில் வாராது என்று கவனித்தால் அதன் பொருள் நுட்பம் புலப்படும். 'கையில துட்டு இல்ல', 'துட்டு தேத்தணும்', 'அவன் துட்டுக்காரன்' என்பன இயல்பான தொடர்கள். முதலாவது அப்போதைய ரொக்கத்தையும், இரண்டாவது பாடுபட்டுத் திரட்ட வேண்டியதையும், மூன்றாவது குவிந்த செல்வத்தையும் குறிக்கின்றன. பழைய சிறுகாசு இவ்வாறு வறுமையையும் செல்வத்தையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. ஆனால் கோயில் உண்டியலில் போடுவது துட்டாவதில்லை. அது காணிக்கை அல்லது காசு. திருமணத்தில் எழுதுவது மொய்ப்பணம். அரசும் வங்கியும் காசோலை, பணவிடை, பணவீக்கம் என்று காசையும் பணத்தையும் கொண்டு கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டன. துட்டைக் கொண்டு ஒரு கலைச்சொல்லும் பிறக்கவில்லை. உழைத்துப் பெற்று, எண்ணிப் பார்த்து, உடனே செலவாகிவிடும் பணமே துட்டின் நடுப்பொருள் என்று இதிலிருந்து கொள்ளலாம். கணக்கில் எழுதப்படும் பணமன்று, உள்ளங்கையில் வைத்து மூடப்படும் பணம். தெலுங்கு வழிவந்த 'டப்பு' என்ற சொல்லும் சென்னையில் உண்டு. அதுவும் ஒரு செப்புக் காசின் பெயரே. ஆயினும் அது துட்டின் பரப்பை எட்டவில்லை.

அண்மைக் காலத்தில் இந்த நடுப்பொருளும் அசைந்திருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாதவை ஆயின. அடுத்த சில ஆண்டுகளில் மயிலாப்பூர் காய்கறிக் கடையிலும் அடையாறு இளநீர் வண்டியிலும் கட்டம் கட்டமான குறி அச்சிட்ட அட்டை தொங்கலாயிற்று. கைபேசியை நீட்டினால் பணம் போய்ச் சேர்கிறது. இப்படி அனுப்புவதையும் 'துட்டு போட்டுட்டேன்' என்று சொல்லக் கேட்கலாம். செம்பும் இல்லை, காகிதமும் இல்லை, எண்ணுவதற்குக் கையில் ஏதும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. உலோகத்தைவிட்டுச் சொல் முழுதாகப் பிரிந்த நிலை இது. ஜகார்த்தாவிலும் இதுவே நேர்ந்துள்ளது.

இச்சொல்லின் வரலாற்றை இன்னும் நெருங்கிக் காணச் சான்றுகள் சென்னையிலேயே உள்ளன. 1851இல் நிறுவப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பும், அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சுப் பதிவேடுகளும் அவற்றுள் முதன்மையானவை. கொச்சி ஆட்சியின் கடிதங்களும் கணக்குகளும் மிகுதியாக உள்ள அந்தப் பதிவேடுகளிலிருந்து சில பகுதிகள் 1908ஐ அடுத்த ஆண்டுகளில் அச்சாயின. அவற்றை இதுவரை படித்தவர்கள் பெரும்பாலும் அரசியலும் மிளகு வணிகமும் தேடியவர்களே. கூலி ஏடுகளையும் சில்லறைச் செலவுக் கணக்குகளையும் மொழி நோக்கில் படிக்கும்போது, ஒல்லாந்த எழுத்தன் 'டுயிட்' என்று எழுதிய அதே தொகையை எதிரே நின்ற கூலிக்காரர் எந்தப் பெயரால் கேட்டு வாங்கினார் என்பதை அறிய வழி பிறக்கும். ஒல்லாந்தமும் தமிழும் மலையாளமும் சேர்ந்து கற்ற ஆய்வாளர் ஒருவருக்கு அது பல ஆண்டு வேலை. அகராதி தொகுப்போருக்கோ உடனே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு: துட்டு என்ற தலைச்சொல்லின்கீழ், பேச்சுவழக்கு என்ற குறியோடு நிறுத்திவிடாமல், நெல்லையின் பொருளையும் சென்னையின் பொருளையும் ஈழத்தின் பொருளையும் தனித்தனியே பிரித்து எழுதுவது.